உப்புக் குச்சி

எங்கள் அப்பா தட்டு எறிகிற மனிதர். சாம்பாரில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால் போதும், தட்டு சுவரில் போய் அடிக்கும். பெரம்பூரில் எங்கள் சமையலறைச் சுவரில் ஆளுயரத்துக்கு மஞ்சள் கறை இருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சுண்ணாம்பு அடிப்போம், தவக்காலம் வருவதற்குள் திரும்பவும் மஞ்சளாகிவிடும். உப்பு கூடினால் அப்பா வாயால் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வார். குறைந்தால்தான் அடி. அதனால் அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் ஒரு கை கூடவே போட்டாள். நானும் என் அண்ணனும் அந்தக் கூடுதல் கையில் வளர்ந்தவர்கள். ஐம்பத்தெட்டு வயதில் அப்பா செத்ததும் தட்டுக்கு முன்னால்தான். அம்மாவை அடிக்கக் கையை ஓங்கினார், வாய் ஒரு பக்கம் கோணியது, அப்படியே சரிந்தார். ஓங்கிய கை அம்மா மேல் விழவில்லை என்று எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன், தொலையட்டும்.

நான் அப்படியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கத்துவேன், ஒத்துக்கொள்கிறேன். கதவை அறைந்து சாத்துவேன். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் குறுக்கே வருகிறவனை அவன் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டுவேன். ஆனால் தட்டு எறிந்தது ஒரே ஒரு தடவைதான். மகளுக்கு அப்போது ஆறு வயது. அன்று மாலையே கடைக்கு ஓடி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், மறுவாரமே சுவருக்குப் பெயின்ட் அடித்தேன். ஒரு தடவையெல்லாம் ஒரு கணக்கா?

எனக்கு அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில் வீடு, ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. டாக்டர்களும் புள்ளியியல்காரர்களும் கேட்கிற அட்டவணைகளை நிரல் எழுதி எடுத்துக் கொடுப்பவன். ஒரு வருடம் முழுக்க எனக்கு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு மனிதர். என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், சிகரெட் உண்டா, நடந்தாரா, எல்லாம் போட்டுக் கடைசிக் கட்டத்தில் எதனால் செத்தார் என்று இருக்கும். காலையில் காப்பியைக் குடித்துவிட்டு உட்கார்ந்து சாவுகளை வகை பிரிப்பேன். அதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மீனும் சோயாவும் கீரையும் தின்று, வயிறு நிறைவதற்கு முன்னால் எழுந்துகொள்கிற ஜனங்களுக்கு இதயம் லேசில் நிற்பதில்லை. ஆனால் உப்பு அவர்களை விடவில்லை. ஊறுகாயும் உப்பு மீனும் அதிகம் தின்ற ஊர்களில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தார்கள், வயிற்றில் புற்று வந்து செத்தார்கள். அவர்களே அமெரிக்காவுக்குக் குடிவந்தால் அமெரிக்கத் தட்டில் சாப்பிட்டு அமெரிக்கர்களைப் போல இதயம் நின்று செத்தார்கள். ரத்தம் அதே ரத்தம்தான், மாறியது தட்டு.

என் பக்கத்து இருக்கையில் ஒரு ஜப்பானியப் பெண்மணி இருந்தார். அவருடைய தந்தையின் ஊர் வடக்கே, பனிக்காட்டில். குளிர்காலம் முழுக்க அங்கே உப்பில் ஊறிய முள்ளங்கிதான் சாப்பாடு. ஐம்பது வயது ஆண்கள் மரம் சாய்வதுபோலச் சாய்வார்களாம். பிறகு நர்ஸுகள் வீடு வீடாக வந்து, அடுப்பிலிருக்கும் மிசோ சூப்பில் எவ்வளவு உப்பு என்று அளந்து பார்த்து, குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார்களாம். அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது, உப்பு மூட்டை. ஊருக்குப் போய்த் திரும்பியபோது எனக்கு ஒரு சின்னக் கருவி கொண்டுவந்து கொடுத்தார். தெர்மாமீட்டர் மாதிரி ஒரு குச்சி. சூப்பில் முக்கினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றில் ஒரு விளக்கு எரியும். எனக்கு ஒரே பெருமை. கண்ணில் பட்ட ரெஸ்டாரன்ட் சூப்பையெல்லாம் அளந்து, சிவப்பு எரிந்தால் ஆள் கூப்பிட்டுச் சண்டை போடுவேன். என் வீட்டில் மட்டும் அளக்கத் தோன்றவில்லை.

தப்பு நடந்தது கிறிஸ்துமஸ் விருந்தில். கோவில் ஹாலில் ஒரு டாக்டர் அங்கிள், ஆயுசெல்லாம் அப்பா அம்மா கொடுத்த ஜீன்ஸ்தான், நம்ம கையில் ஒன்றுமில்லை என்று பிரியாணியை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அங்கிள் பேசறீங்க? ஜப்பான்காரன் நம்மள மாதிரிதான் அரிசிச் சோறு சாப்பிடறான். மீன் சாப்பிடறான், சூப் குடிக்கறான், ஊறுகா தொட்டுக்கறான். நூறு வயசு வரைக்கும் சைக்கிள் ஓட்டறான். நான் டேட்டா பாத்தவன். நீங்க பாத்தீங்களா?"

அங்கிள் வாயை மூடிக்கொண்டார். உப்பைப் பற்றிய பாதியை நான் சொல்லவேயில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் நடுவில் நிறுத்தித் தன் கட்சியைத் தானே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? பக்கத்தில் என் அண்ணன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அரை மணி தூரத்தில் பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிறான், என்னைவிட நான்கு வயது மூத்தவன். பத்து வருடமாக பிரஷர் மாத்திரை. கோபத்தில் அப்பாவை அப்படியே உரித்து வைத்தவன்.

விபூதிப் புதனன்று அவன் ஜப்பான்காரனாக மாறினான். தவக்காலத்தில் கறி கிடையாது, மீன்தானே, அதுவும் வசதியாகப் போயிற்று. ஆனால் எப்படி மாறினான் என்று கேளுங்கள். மீன் என்றால் அவனுக்கு நெத்திலிக் கருவாடு. ஐசலினில் இந்தியக் கடையில் வாங்கி, கார் டிக்கி நாற நாறக் கொண்டுவந்து வறுத்தான். சூப் என்றால் ரசம். மிசோவைக் கரைத்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுத் தாளித்து, மூன்று வேளையும் டம்ளர் டம்ளராகக் குடித்தான். உப்பில் ஊறிய ஜப்பான் பிளம் ஜாடியில் விற்கிறது. ஒரு வாய்க் கஞ்சிக்கு அதில் ஒன்றைத் தொட்டுக்கொள்வார்கள். இவன் தயிர் சோற்றுக்கு ஆறு ஏழு வைத்து நார்த்தங்காய் மாதிரி சப்பினான். பரோட்டாவும் பீரும் நின்றதால் உடம்பு இளைத்தது, பேன்ட் தளர்ந்தது. அதைப் பார்த்து என்ன செய்தான் தெரியுமா? மாத்திரையை நிறுத்திவிட்டான். இதெல்லாம் குருத்து ஞாயிறு வரைக்கும் எனக்குத் தெரியாது.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து அவன் வீட்டில் சாப்பாடு. நான், மனைவி, பதினைந்து வயது மகள். மேஜைக்கு மேலே சுவரில் அப்போதுதான் மடித்த குருத்தோலைச் சிலுவையைச் செருகியிருந்தார்கள். அண்ணி கருவாட்டை வைத்தார், அந்த மிசோ ரசத்தை வைத்தார், ஜாடியை வைத்தார். அண்ணன் ஆனந்தமாகச் சொன்னான்.

"எல்லாம் உன் புண்ணியம்டா. நீ சொன்ன டயட்தான். மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்."

கையிலெடுத்த சோற்றைத் தட்டில் போட்டேன். "மாத்திரைய நிறுத்தினியா? யாரக் கேட்டு நிறுத்தின?"

"உன்னக் கேட்டுத்தான். நீதான டேட்டா பாத்தவன்?"

நான் அப்போது பொறுமையாகப் பேசியிருக்க வேண்டும். தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், பையிலிருந்து குச்சியை எடுத்து அவன் ரசத்தில் முக்கினேன். ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அந்த வீட்டுக்காரி கண்ணுக்கு முன்னால், அவர் வைத்த ரசத்தில். சிவப்பு எரிந்தது. சாம்பாரில் முக்கினேன், அதிலும் சிவப்பு. பொரியலில் முக்க முடியாது என்று அதன் அடியில் தேங்கிய தண்ணீரில் முக்கினேன். அண்ணியின் முகம் செத்துப்போயிற்று.

"டேய், என்னடா பண்ற?" என்றான் அண்ணன்.

"விஷத்தக் குடிக்கற நீ. பாரு, நல்லாப் பாரு! அப்பா எப்படிப் போனாருன்னு மறந்துட்டியா?"

"என் வீட்ல உக்காந்து என் பொண்டாட்டி சமையல்ல குச்சிய விட்டு ஆட்டற? சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கற? கொஞ்சமாவது ரோஷம் இருக்கா உனக்கு?"

உலகத்தில் எத்தனையோ வசவு இருக்க, அவனுக்கு அந்த நேரத்தில் அதுதான் கிடைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததுதான் தாமதம், ரசக் கிண்ணம் என் தலைக்குப் பக்கத்தில் பறந்து போய் அலமாரிக் கண்ணாடியில் விழுந்து உடைந்தது. கொதிக்கும் ரசம் என் கழுத்தில் தெறித்தது. நான் அந்தப் பிளம் ஜாடியைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தேன். இன்னொரு ஜாடி இருந்தது, அதையும் அடித்தேன். சிவப்புத் தண்ணீர் டைல்ஸ் எல்லாம் ஓடியது. அவன் மேஜையைச் சுற்றி வந்து என்னை அறைந்தான். சின்ன வயதில் அறைந்த அதே இடத்தில், காதோடு சேர்த்து. என் உதடு பல்லில் கிழிந்தது. நான் அவன் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன், முழங்காலால் அவன் தொடையில் குத்தினேன். கால் வழுக்கி இரண்டு பேரும் உடைந்த கண்ணாடி மேல் விழுந்து புரண்டோம். ஐம்பது வயது தாண்டிய இரண்டு தடியன்கள், தலையில் முடி இல்லை, மேல் மூச்சு வாங்குகிறது, ஒருவன் குரல்வளையை ஒருவன் பிடித்திருக்கிறோம்.

அண்ணி நடுவில் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன். என் முழங்கை அவர் மூக்கில் பட்டது. பட்டது என்று எழுதுவதே அயோக்கியத்தனம். இடித்தேன். பொலபொலவென்று ரத்தம் வந்து வெள்ளைப் புடவையின் முந்தானை நனைந்தது. அவர் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அவருக்கு அது பழகிப்போயிருந்தது, அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

வாசலில் நின்று நான் கத்தினேன். "செத்துத் தொலைடா! உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்!" தெரு முழுக்கக் கேட்டிருக்கும். காரில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனைவி என் கழுத்துக் கொப்புளத்தைப் பார்த்தாள். நான்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன், நான் செய்தது எல்லாம் நியாயம் என்று.

ஒன்பது நாளாக இருவரும் போன் செய்யவில்லை. ஈஸ்டருக்குக்கூட இல்லை. பத்தாம் நாள் மதியம் நான் மீட்டிங்கில் இருந்தபோது அண்ணி கூப்பிட்டார். "தம்பி, அவரு விழுந்துட்டாரு." அவ்வளவுதான் சொன்னார். வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். சோறு குழைந்துவிட்டது என்று அண்ணியிடம் கத்தியிருக்கிறான். தலை வெடிக்கிறது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்துவிட்டான். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படம் காட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. என் அட்டவணையில் அதற்கு ஒரு சங்கேத எண் உண்டு. அதை ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் படத்துக்கு முன்னால் எனக்கு வாந்தி வந்தது. நான் சொன்ன பாதிதான் அவனைப் படுக்கவைத்தது. மீதிப் பாதியைக் குச்சியில் குத்திக் காட்டாமல் வாயால் சொல்லியிருந்தால் மாத்திரையைத் திரும்பப் போட்டிருப்பான்.

அவன் சாகவில்லை. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. "சனியனே." தண்ணீர் வேண்டுமென்றாலும் சனியனே, வலித்தாலும் சனியனே. நற்கருணை கொண்டுவந்த ஃபாதரையும் அப்படித்தான் கூப்பிட்டான். பேச்சுப் பயிற்சிக்கு வந்த அமெரிக்கப் பெண் அதை அவன் மனைவியின் பெயர் என்று நினைத்துவிட்டாள். "வெரி குட், சனியனே இஸ் ஹியர்" என்று அண்ணியின் கையை எடுத்து அவன் கையில் வைத்தாள். அண்ணி சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு தடவை வெடித்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, உப்பு கூடவே கூடாது. நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன், பார்த்துக்கொள்கிறேன் என்று. சனிக்கிழமைதோறும் போனேன். மாத்திரை டப்பாவை எண்ணினேன். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிசோ எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார். எங்களுக்குப் புரியவில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் நான் போனபோது அண்ணி அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் சமர்த்தாகக் குடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சமர்த்துதான் எனக்கு உறுத்தியது. உப்பில்லாக் கஞ்சியை இவன் எப்படி? சமையலறைக்குப் போனேன். பாத்திரத்தில் மீதி இருந்தது. சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்து முக்கினேன்.

சிவப்பு.

அண்ணி பின்னாலேயே வந்து நின்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "என்ன அண்ணி இது? அவனக் கொல்லப் பாக்கறீங்களா?"

அவர் அடுப்புக்குப் பின்னால் கையைக் காட்டினார். வார நாட்களில் அவனைச் சக்கர நாற்காலியில் அங்கேதான் உட்காரவைத்து ஊட்டுவார், சுவரில் ஆளுயரத்துக்குக் கஞ்சி வழிந்து காய்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை விலக்கினார். காதுக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"வலது கைதான் போச்சு தம்பி. இடது கை நல்லாத்தான் இருக்கு." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உப்பு போட்டா எறிய மாட்டேங்கறாரு. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க?"

 என் வாய் சும்மா இருக்குமா? நான் வீட்டுக்கு நர்ஸ் ஏற்பாடு பண்ணுகிறேன், நானே வந்து ஊட்டுகிறேன், இப்படிச் செய்தால் எப்படி என்று என்னென்னவோ கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் குச்சிய உங்க வீட்ல என்னிக்காவது வெச்சுப் பாத்திருக்கீங்களா தம்பி?"

நான் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அடுப்பில் வத்தக்குழம்பு. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கவுன்டரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் குச்சியை முக்கினேன். சிவப்பு எரிந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரத்தில் அதே குழம்பு தனியாக இருந்தது. அதில் முக்கினேன். பச்சை.

"இது என்ன?"

"அது எனக்கும் அவளுக்கும்" என்றாள் மனைவி. கத்தியைக் கீழே வைக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அப்புறமா உங்களுக்கு உப்பு கூடப் போடுவேன்."

"எத்தன வருஷமா?"

அவள் வெங்காயத்தை நறுக்கினாள். மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "சின்ஸ் ஐ வாஸ் சிக்ஸ், அப்பா. ஷி டேஸ்ட்ஸ் யுவர்ஸ் த்ரீ டைம்ஸ் பிஃபோர் யூ கம் டவுன்." பிறகு, எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று நினைத்தாளோ என்னவோ, எப்போதும் பேசாத தமிழில் சொன்னாள். "பயம்."

மருந்துக் கடையில் பிரஷர் பார்க்கிற மிஷினை நூறு தடவை கடந்து போயிருக்கிறேன். அன்றைக்குப் போய்க் கையை விட்டு உட்கார்ந்தேன். வந்த எண்ணை மனைவியிடம் சொல்லவில்லை. அந்தச் சின்னப் பாத்திரத்தில் இருந்ததை எனக்கும் ஊற்று என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள். ஊற்றினாள்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்தேன். மண் மாதிரி இருந்தது.  கோபம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது, பழைய நாய் மாதிரி தானாக எழுந்து வந்தது. என் கை தட்டின் விளிம்பில் இருந்தது. நான் வைத்ததாக நினைவில்லை. மகள் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் நாற்காலி தரையில் உராய்ந்து கொஞ்சம் பின்னால் போனது. மனைவி தன் தட்டை நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

நான் வலது கையைத் தட்டிலிருந்து எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தேன். இடது கையால் ஸ்பூனை எடுத்தேன். அந்தச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் சாப்பிடவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.